நெஞ்சுத் தண்ணி

பாட்டிலு வெதுவெதுன்னுதாம்மா இருக்கும். அப்படி முழிக்காதீக. ஐஸு இருந்துச்சு. விருதுநகர்ல நர்ஸம்மா தெர்மகோல் டப்பாவுல ஐஸ நெரப்பி, நடுவுல இந்தப் பாட்டில வச்சு, டேப்பு ஒட்டித்தான் குடுத்தாக. அண்ணே, இன்னைக்கே போகணுமான்னு கேட்டாக. போகணும்னேன். அப்ப மதுர போய்ச் சேர்ற வரைக்கும் தொறக்காதீகன்னாக. நானும் பெரிய பொறுப்பான ஆளு கணக்கா தலைய ஆட்டித்தான் வாங்குனேன்.

என்னயத் தெரியலையா? வெள்ளைத்துரைம்மா, ஆமத்தூரு. பேருதான் அப்படி, ஆளு கரிமருந்துக் கலருன்னு அன்னைக்கே நீங்க சிரிச்சீக. போன வருசம் எனக்கு நுரையீரலச் சுத்திச் சீழு கட்டி, விலாவுல குழாயச் சொருகிப் படுத்திருந்தப்ப, ஆராய்ச்சிக்குன்னு கொஞ்சம் தண்ணி புடிச்சுட்டுப் போனீகள்ல? அந்த ஆளுதான். இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இது எம் பொண்டாட்டி ராக்காயியோட தண்ணி. அவளுக்கும் அதே சீக்கு வந்துருச்சு.

நீங்க சொன்னத நான் மறக்கலம்மா. சீக்குக்குப் பேரு ஒண்ணுதான், ஆனா அந்தத் தண்ணியில இருக்கற புரோட்டீன மிஷின்ல விட்டுப் பாத்தா ரெண்டு மூணு ரகமாப் பிரியுது போலருக்கு, ஒரு ரகம் குழாய் போட்டா வடிஞ்சுரும், ஒரு ரகம் உள்ளயே வலை பின்னிக்கிட்டு வரமாட்டேங்கும், எது எந்த ரகம்னு மொதல்லயே கண்டுபுடிக்கத்தான் பாக்குறோம்னு சொன்னீக. எனக்குப் புரோட்டீன்னா முட்டையும் சுண்டலும்தான். நெஞ்சுக்குள்ள எப்படிடா முட்டை போச்சுன்னு கொஞ்ச நாளு முட்டையவே தொடல. டீக்கடையில வேற, நம்ம நெஞ்சுல இருந்து மதுரைக்கு லோடு போகுதுலேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஐஸுதான? வாரேன், அதுக்குத்தான் வாரேன். பஸ்ஸு கள்ளிக்குடி தாண்டையில டப்பா ஓரமாக் கசிஞ்சு வேட்டியில சொட்டுச்சும்மா. நான் காலம்பூராம் வெடியாபீஸ்ல பட்டாசு மருந்து கலக்குறவன். அலுமினியப் பொடியில ஈரம் பட்டுச்சுன்னா தானாச் சூடேறும், அப்பறம் ஷெட்டும் கெடையாது நாமளும் கெடையாது. சரக்குப் பக்கத்துல தண்ணியக் கண்டா எங்களுக்குக் கைதான் மொதல்ல ஓடும், புத்தி சாவகாசமாத்தான் வரும். டேப்பப் பிச்சேன். ஐஸ அள்ளிச் சன்னல் வழியா வீசுனேன். பாட்டில எடுத்துத் துண்டால பொட்டு ஈரமில்லாமத் துடைச்சேன். அதோட விட்டனா? நல்லாக் காயட்டும்னு வெயில் பக்கமாத் திருப்பித் திருப்பிப் புடிச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரு என்னண்ணே, வேப்பெண்ணெயான்னாரு. சிவகாசிச் சரக்கு, கிட்ட வராதீகன்னேன். மனுசன் எந்திரிச்சுப் பின்னால போயிட்டாரு.

திருமங்கலம் வந்தப்பதான் உறைச்சுச்சு, அடப்பாவி, இதுக்கு ஐஸுல்ல வேணும்னு. ஓடிப் போய்த் தேடுனா சேமியா ஐஸ்தான் கெடச்சுச்சு. ரெண்டு வாங்கி உள்ள வச்சேன். அதாம்மா பாட்டில் பிசுபிசுங்குது. பயப்படாதீக, அது சீழு இல்ல, சேமியா.

சிரிங்க, சிரிங்க. அவளும் இப்படித்தான், எனக்கு வாக்கப்பட்ட நாள்லருந்து தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிப்பா.

கெட்டுருச்சா? சூட்டுல புரோட்டீனெல்லாம் செதஞ்சு போயிருமா. சரி, மேல இருக்கறதுலதான வெயில் பட்டுச்சு, அடியில கொஞ்சம் நல்லாருக்குமே? இல்லையா. கெடாம இருந்திருந்தாலும் இது இன்னும் ஆராய்ச்சிதானா, ஒரு ஆளுக்கு இன்ன ரகம்னு அடிச்சுச் சொல்ல வருசக்கணக்காகுமா. அதையும் அன்னைக்குச் சொன்னீகதான். நமக்கு வேண்டியது மட்டும்தான காதுல ஏறுது.

எதுக்கு இம்புட்டு அவசரமா வந்தேன்னா, கேளுங்க. அதே வார்டும்மா, அதே குழாய், அதே ஊசி. நாந்தான் ராவும் பகலும் கூட இருந்தேன். என்னயப் பாருடி, எந்திரிச்சு வந்து உன் உசுர வாங்கலையா, நீயும் வந்துருவன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவளுக்கு வடியவே இல்ல. உள்ள அறை அறையாக் கட்டிக்கிச்சுன்னாக. ஒரே பானைச் சோறுதான திங்கோம்? எனக்கு வடிஞ்சது அவளுக்கு ஏன் வடியல? நான் சரியாப் பாக்கலன்னு அவ தம்பி நெனைக்கான். வாயத் தொறந்து சொல்லல, ஆனா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான். நானும் அதத்தாம்மா நெனைக்கேன். ரெண்டும் வேற வேற ரகம்யா, உன்னாலயும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நீங்க ஒத்த வார்த்த சொல்லிட்டீகன்னா, ஊருக்குள்ள தல நிமுந்து இல்லாட்டியும் குனிஞ்சாவது நடந்துருவேன்.

அப்படியா? நீங்களே நெனைக்கீகளா, வேற ரகமா இருக்கலாம்னு? இருக்கலாம்னுதான் சொல்ல முடியும், சரி. அந்த இருக்கலாமே பெரிசும்மா. அதக் கொண்டு போறேன்.

என்ன சொல்றீக? நாளைக்கு நீங்களே விருதுநகருக்கு வந்து அவகிட்டப் புதுசாத் தண்ணி புடிச்சுக்கிறீகளா? நல்ல மனசும்மா ஒங்களுக்கு. வேணாம். அவ அங்கன இல்ல. விடியக்காலம் போயிட்டா. இது முந்தின நாளு புடிச்சு வச்சிருந்த தண்ணி.

இல்லம்மா, உக்கார நேரமில்ல. வீட்டு வாசல்ல கெடத்தியிருக்காக. விருதுநகர் பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்? புருசன் வராமத் தூக்க மாட்டாக.