பூட்டிய அறைக்குள் யார்?

பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமையேற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, அருகமர்ந்த கணக்கு ஆசிரியர் அவர்களே, சாவியோடு வந்திருக்கும் நூலகர் அவர்களே, பெற்ற பிள்ளைகளோடு என்னையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்கள் பதினொரு பேரே, தந்தையர் மூவரே! மூவரில் ஒருவர் கைப்பேசியில் இருக்கிறார். அவரையும் வந்தவராகவே எழுதிக்கொண்டேன். அழைக்காமலே வந்து எங்கும் அமர்ந்திருக்கும் ஆண்டவனுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்கு நான் கதையும் கவிதையும் வாசித்துக் காட்டிவந்தேன். கவிதையானால் இருமுறை வாசிப்பேன். மர்மக் கதையானால் மர்மம் அவிழுமுன் நிறுத்துவேன். கண்ணை மூடச் சொல்வேன். கண்டதை வரையச் சொல்வேன். வரைந்ததைப் பற்றி வாதாடச் சொல்வேன். வாதாட மட்டும் சொல்ல வேண்டியதே இல்லை. மழைக் கவிதை வாசித்தால், "அந்தக் குடை யாருது?" என்று அடித்துக்கொள்கிறார்கள். கவிதையில் குடையே கிடையாது.

இரண்டு வாரமாக அந்த வகுப்பு நிற்கிறது. அந்தப் பாடவேளை கணக்குக்குப் போகலாம் என்று பேச்சு. காரணம், இதோ முன்வரிசையில் இருக்கும் தையற்கடை அம்மாவின் புகார்.

"அக்கா, பூட்டின ரூம் கதை கேட்டதிலேருந்து எம்பையன் அலமாரியத் தொறக்க மாட்டேங்கறான். சட்டைய நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

நியாயமான புகார். சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் சட்டையை யார் எடுத்துத் தருகிறார்கள்?

அந்தக் கதையில், பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். அங்கே நிறுத்தினேன். பேயை வரைந்தார்கள், திருடனை வரைந்தார்கள், மூக்குக்கண்ணாடி போட்ட பேயையும் வரைந்தார்கள். ஆண்டு முழுதும் வாய் திறக்காததால் 'மௌனசாமி' என்று பெயர் வாங்கிய பெண், தாள் முழுக்கக் கறுப்படித்து, அடியில் ஒரு வெளிச்சக் கோடு விட்டிருந்தாள்.

"என்னடி இது, கரி மூட்டையா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நீங்கல்லாம் வெளிய நின்னு வரையறீங்க. நான் உள்ள இருக்கேன். தட்டறது நான்தான்."

 அலமாரிக்கு அஞ்சும் அதே பையன்தான் கேட்டான்: "அப்ப உனக்கு எங்களக் கண்டா பயமா?"

"தட்டியும் தொறக்கலன்னாதான் பயம்."

பெரியோர்களே! இதை எந்த வாய்பாடு பேச வைக்கும்? எந்த வினாத்தாள் வெளிக்கொணரும்? எந்த மதிப்பெண் இதற்கு மதிப்பாகும்? அன்று பேசினாள் அவள். வகுப்பு நின்றது, வாயும் நின்றது. இரண்டு வாரமாக ஒரு சொல் இல்லை என்கிறார் அவள் தாயார்.

என்ன, தையற்கடை அம்மா? "முடிவ எனக்காவது சொல்லுங்கக்கா, எனக்கே தூக்கம் வரல" என்கிறீர்களா? முடியாதும்மா. வகுப்புக்கு வந்து உங்கள் பையனோடு உட்கார்ந்து கேளுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும், கைப்பேசியை வைத்துவிட்ட அந்தத் தந்தைக்கும் நன்றி, வணக்கம். தலைமையாசிரியை அம்மா, வகுப்பு உண்டா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.