டிலோஜினியின் கணினி

எல்லா றாமும், அதுதான் கணினியின் நினைவகம், எல்லா மதர்போட்டுக்கும் பொருந்தாது, ஐயா. கடைக்கு வருகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் என் தேநீர் ஆறிப்போகும். செருகிய இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் சரி என்று நினைக்கிறார்கள். உட்காருவது வேறு, ஒத்துப்போவது வேறு. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம்.

என் மனைவி டிலோஜினி வங்காலை ஊர்ப் பிள்ளை. பேசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே வீடு கட்டுவதற்கான படங்கள் கீறினாள். வவுனியாவில் தனஞ்சயன் என்ற எஞ்சினியர் அளவுகளை அனுப்புவார். இவள் கணினியில் கீறி அனுப்புவாள். இடையிடையே போனில் பேசிக்கொள்வார்கள். படிக்கட்டு, ஜன்னல், கக்கூஸ் குழாய், இவ்வளவுதான் பேச்சு. நான் கதவருகில் நின்று கேட்டிருக்கிறேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் விளங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பாள். என்னோடும் சிரித்திருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. வாயைப் பொத்த வேண்டிய அளவுக்குச் சிரித்ததில்லை.

அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "இஞ்சேருங்கோ, பெரிய படம் திறந்தால் இது இழுபடுது. இன்னொரு றாம் போட்டுத் தாறியளோ?"

போட்டுக்கொடுத்தேன். இருந்ததைவிட வேகம் குறைந்த ஒன்று. சும்மா விட்டால் மதர்போட் தானாகவே இரண்டையும் குறைந்த வேகத்துக்கு இறக்கி ஓட்டும், கெடுதல் இல்லை. நான் இறங்க விடவில்லை. இரண்டும் பழையதின் கூடிய வேகத்திலேயே ஓடும்படி செட்டிங்கில் கட்டிவைத்தேன். புதியது அதைத் தாங்காது. ஆனாலும் கணினி வழமைபோல எழும்பும், வேலை செய்யும். எப்போதாவது தடுமாறும். அந்த நேரத்தில் சேமித்த படம் பிறகு திறக்காது.

"நேற்று முடிச்சு வச்சனான்," என்பாள்.

"சேவ் பண்ண மறந்திருப்பீர்," என்பேன்.

சோதித்துப் பார்க்கச் சொன்னாள். அவள் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றபோது வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு அவளைப் பக்கத்தில் இருத்திச் சோதித்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை.

"அப்ப நான்தானோ?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததும் குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

தனஞ்சயன் விடவில்லை. "அக்கா, அதை வேற கடையில ஒருக்காக் காட்டுங்கோ," என்றது என் காதில் விழுந்தது. கணினியில் மட்டும் மறதி வந்தால் கணினியைத்தானே பார்ப்பார்கள்? அதனால் பூட்டிய வாசல் கேற்றைத் திறந்துவைத்தேன். அவளுடைய செபமாலையை அரிசி வாளிக்குள் போட்டேன். உப்புப் போட்ட கறிக்கு மறுபடியும் உப்புப் போட்டேன். காஸ் அடுப்பைத் திறந்துவிட்டதும் நான்தான். ஜன்னல்களைத் திறந்துவைத்த பிறகே செய்தேன். ஆபத்து வர விடவில்லை.

அவள் அழுதாள். நான்தான் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவள் மறந்ததையெல்லாம் நானே ஒன்றொன்றாகச் சொன்னேன். மாத்திரை தந்து, முடிந்ததும் திரும்பக் கூட்டிவரச் சொன்னார். கூட்டிப்போகவில்லை. அதே மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, முடியாமல் பார்த்துக்கொண்டேன். வேலையை விடும்படி நான் சொல்லவே இல்லை. தனஞ்சயனிடம் அவளே சொன்னாள், தனக்குத் தலை சரியில்லை என்று. அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. நல்ல அமைதி.

சும்மா கிடந்த கணினியை அவளுடைய அண்ணன் றோய் தன் மகளுக்கென்று கொண்டுபோனார். வேகத்தைக் குறைத்து அனுப்ப நான் மறந்துபோனேன். அது என் பிழை. அங்கே பழுதுபார்த்த முஹைதீன் தொழில் தெரிந்தவர். இது தானாக வந்த பழுதில்லை, யாரோ வேண்டுமென்றே கட்டிவைத்தது என்று சொல்லியிருக்கிறார்.

றோய் வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார். "நீ செய்தனியோ?"

"ஓம்," என்றேன். காஸ் அடுப்பையும் சொன்னேன், மாத்திரையையும் சொன்னேன். நான் பொய் சொல்கிறவனில்லை. டிலோஜினி கதவு நிலையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கேட்டியோ பிள்ளை? உன்ர தலைக்கு ஒரு வருத்தமுமில்லை. வா, வீட்ட போவம்," என்றார் றோய்.

அவள் செருப்பைப் போட்டாள். கேற் வரைக்கும் போனாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் போகலாமோ?"

"உம்மட விருப்பம்," என்றேன்.

றோய் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எது தன் விருப்பம் என்று தெரியாமல் அந்த வெயிலில் நெடுநேரம் நின்றாள். பிறகு மெதுவாக நடந்துவந்து நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் அவள் கையைக்கூடப் பிடிக்கவில்லை, ஐயா. என்னில் அன்பில்லாமலா அவளாகவே வந்தாள்?