அறுபது பாகையில் கால் பங்கு ஒளி

ஒரூரோ கண்ணாடித் தொழிற்பயிலகத்தின் ஒளியியல் ஆசானே! உப்புவெளியின் வெயிலுக்கும் கூசாத விழியினரே! "லிசென்சியாதோ" என்று பட்டம் சொல்லி அழைக்காதவரைத் திரும்பியே பார்த்தறியாத திருவாளர் எர்மோகெனெஸ் வில்கா அவர்களே! வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் கற்பித்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள்! ஒரு திசை அதிர்வுக்கு மட்டும் வழிவிடும் முனைவாக்கித் தகடு இரண்டை ஒன்றன்முன் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மெல்லத் திருப்பி, ஒளி மங்கி மங்கி மறைய நீங்கள் உரையாற்றும் அழகே அழகு! தொண்ணூறு பாகையில் முழு இருட்டு வருவதற்குள் கடைசி வரிசையினர் சாறு வழியும் சால்த்தேன்யாப் பலகாரம் தின்று கையும் கழுவியிருப்பார்கள்.

ஏழை, செல்வர் என வர்க்கம் பாராதவர் நீங்கள். விடைக்குறிப்பில் கொசைனின் வர்க்கத்தையும் பாராமல் விட்டீர்கள் என்பதே நாங்கள் கண்ட ஒரே குறை.

சந்தையில் கறுப்புக்கண்ணாடி விற்கும் தோன்யா எயுசேபியா அம்மையார், கடை உரிமத்துக்காக ஐம்பத்திரண்டு வயதில் சான்றிதழ்த் தேர்வு எழுதினார். முதல் தகட்டைத் தாண்டிய ஒளியில், இரண்டாவதை அறுபது பாகை திருப்பினால் எவ்வளவு மிஞ்சும்? "கால் பங்கு" என்றார் அவர். "பாதி" என்றது உங்கள் விடைக்குறிப்பு. அறுபது பாகையின் கொசைன் பாதி, அதன் வர்க்கமே கால். ஒரே மதிப்பெண்ணில் தோல்வி, உரிமமும் போயிற்று.

தாம் விற்கும் முனைவாக்கிக் கறுப்புக்கண்ணாடி இரண்டோடு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார் அம்மையார்.

"லிசென்சியாதோ, நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இது பாதியா? இதைப் பாதின்னு சொல்லி வித்தா வாங்கிட்டுப் போற லாரிக்காரன் என்னை விட்டுவைப்பானா?"

"கண்ணால அளக்கக் கூடாதும்மா, கணக்கால அளக்கணும்."

"அப்ப கணக்கைப் போடுங்க. நான் நிக்கிறேன்."

ஒளிமானி வந்தது, முள் கால் பங்கில் நின்றது. மானியைத் தட்டினீர்கள், பேட்டரியை மாற்றினீர்கள், சன்னலைச் சாத்தினீர்கள். முள் அசையவில்லை. நாங்களோ ஆளுக்கொரு கோப்பில் முகம் புதைத்துக்கொண்டோம்.

அடுத்த திங்கட்கிழமைக் கொடிவணக்கத்தில், ஒலிபெருக்கி முன் நீங்கள் சொன்னது நான்கே சொல்: "வர்க்கம் போட மறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க." உங்கள் உரைகளில் ஆகக் குறுகியது அது, ஆகச் சிறந்ததும் அதுவே!

அம்மையாருக்கு உரிமம் கிடைத்தது. நீங்கள் அதோடு நிற்கவில்லை. அக்குறிப்பு ஆறாண்டுப் பழையது என்று கண்டு, கட்டுக்கட்டாய்த் தாள்களைப் பிரித்து, சரியான விடை எழுதித் தோற்ற மூவரின் வீடு தேடிச் சான்றிதழோடு போனீர்கள். மூன்றாமவர் பாசிலியோ, "இப்ப நான் மினிபஸ் ஓட்டுறேனே, லிசென்சியாதோ" என்றாராம். அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்களாம்.

பெருந்தகையே! வாசற்படியில் உட்கார்ந்த அந்த மனிதரைத்தான் இன்று நாங்கள் வணங்குகிறோம். உடல்நலமும் மனநலமும் குன்றாது, இல்லத்தாரோடு பல்லாண்டு வாழ்க! விழா முடிந்ததும் விரையற்க. உங்களை வீட்டில் கொண்டுபோய் விட பாசிலியோ வண்டியோடு வெளியே காத்திருக்கிறார். முன்னிருக்கையை உங்களுக்கென்றே துடைத்து வைத்திருக்கிறார்.

அன்பும் மதிப்பும் குன்றாத,
பயிலக ஆசிரியர்களும் ஊழியர்களும்
ஒரூரோ