எதிர்ப்புறம் திறக்கும் கதவு

எங்கள் வண்டியின் நிறம் பச்சையா நீலமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள் சார். வெயிலில் பச்சை, நிழலில் நீலம். என் மகன் கிருபாசங்கர் டப்பா டப்பாவாகக் கலந்து பார்த்துப் பிடித்த நிறம் அது.

அது ஐம்பதுகளில் வந்த ஃபார்கோ பிக்கப். பொள்ளாச்சியில் ஒரு கொப்பரைக் குடோனுக்குப் பின்னால் கிடந்தது. டிரைவர் சீட்டில் கோழி அடை கிடந்தது. சங்கர் அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் அம்மா பத்மாவதி இறந்த பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் வாங்கினேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் போனதும் எங்களுக்குப் பேச எதுவுமில்லாமல் போயிருந்தது. சாப்பிட்டாயா என்பேன், ஆச்சுங்க என்பான், அவ்வளவுதான். வண்டி வந்த பிறகு பேச்சு வந்தது. பல்லடம் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப்பில் வைத்து அதன் கூரையை அறுத்துத் தணித்தோம். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை உட்கார வைத்தோம். பின்பக்கத் தொட்டியைக் குறுக்கித் தேக்குப் பலகை பரப்பினோம். கதவுகளை எதிர்ப்புறம் திறக்கிற மாதிரி மாற்றியது அவன் யோசனை. கீல் பின்னால், பூட்டு முன்னால்.

தகர வேலை உக்கடம் பீர் முகம்மது பாய். "ஏனுங் தம்பி, ஓடற வண்டியில காத்து கதவைப் புடுங்கிப்போடுமே" என்றார். அதற்கென்றே சங்கர் கெட்டியாக ஒரு பூட்டு வரைந்தான். நான் செய்தேன். பாய் பொருத்தினார்.

தொண்ணூற்றாறில் கோயமுத்தூரில் பழைய வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். எங்கள் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். புனேயில் இருந்து வந்திருந்த ஒரு வண்டிக் கம்பெனிக்காரர் சங்கரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"வண்டியை நீங்களே வெச்சுக்கோங்கப்பா. லீவுக்கு வந்து நான் ஓட்டறேன்" என்றான்.

"செரி கண்ணு" என்றேன். வேறென்ன சொல்வது. நல்ல வேலை. அவனுக்குத் தகுந்த வேலை.

ஒர்க்‌ஷாப்பைத் தாண்டினால் இடது பக்கம் ஒரு வளைவு உண்டு. அங்கே யாரும் மெதுவாகத்தான் போவார்கள். ஓரமெல்லாம் மணல். சங்கருக்குக் கதவின்மேல் சாய்ந்துகொண்டு ஓட்டுகிற பழக்கம். அந்த இடத்தில் கதவு திறந்தால் மணலில் விழுவான். கை ஒடியும், மிஞ்சினால் கால். கட்டுப் போட்டுப் படுத்திருப்பான், நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். அதற்குள் புனேக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். எலும்பு கூடிவிடுமுங்க. இளரத்தம். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

பூட்டின் நாக்கை அரத்தால் ராவி வைத்தேன். முழுக்க இல்லை, வளைவில் சாய்ந்தால் நழுவுகிற அளவுக்கு.

புனேக்குப் போகுமுன் அவிநாசி கோவிலில் கும்பிட்டு வருகிறேன் என்று அவன் வண்டியை எடுத்தான். நான் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பார்த்தேன். வளைவில் திரும்பினான். கதவு திறக்கவில்லை.

கூப்பிட்டிருக்கலாம். கைதட்டினால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். நான் உள்ளே போய்க் கை கழுவினேன்.

அவிநாசி ரோட்டில் கதவு திறந்துகொண்டது. நல்ல வேகத்தில் போயிருக்கிறான். கழுத்தெலும்பு முறிந்துவிட்டது.

பேசுவான், சிரிப்பான், தலையைத் திருப்புவான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். நாங்கள் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறோம் சார். வெயில் தாழ்ந்ததும் கட்டிலை ஜன்னலோரம் தள்ளிவிடுவேன். அடுத்த வண்டிக்கு முகப்பு எப்படி இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

பாய் வாராவாரம் வந்துவிடுவார். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். "நான் மாட்டின கதவு கண்ணு, என்ர கைதான் உன்னை இப்படிப் பண்ணிப்போட்டுது" என்பார். அவனே அவரைத் தேற்றுவான். தொழிலையே விட்டுவிட்டார். விதிங்க பாய் என்று நானும் சொல்லுவேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

போன வாரம் அந்தக் கதவை ஒருதரம் பார்க்கணும் என்றார். ஒர்க்‌ஷாப்பில் தார்ப்பாய் மூடி வைத்திருந்தேன். பூட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவன் வரைந்த பூட்டு, மனசு வரவில்லை. பாய் அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அரம் போன தடத்தை விரலால் தடவினார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்?" என்றார்.

நான் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினேன்.

"பையங்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன். ஆமாம், பூட்டை ராவியது தம்பிதுரையாகிய நான்தான். பாய் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சங்கரிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டான்.

பக்கத்து வீட்டு நாச்சியம்மாளை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நல்ல பொம்பளைதான். ஆனால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் சார். பெத்தவன் நான் இருக்கும்போது அவனை இன்னொருத்தர் கையில் எப்படிங்க விடறது.