இருபத்துமூன்று பெட்டிகள்

எங்கள் அலுவலக உணவகத்தில் செவ்வாய்க்கிழமை கிம்ச்சிக் குழம்பு போடுவார்கள். பாங்யோவில் எங்கள் கட்டடத்தில் அதைத் தவறவிடுகிற ஆள் கிடையாது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் சாப்பிடப் போனதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஐயா. எல்லோரும்தான் போனார்கள். என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்வதற்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் யோம் கிஹுன். எங்கள் நிறுவனம் நடத்தும் இணைய விளையாட்டு கடலும் தீவுகளுமாக இருக்கும். ஆளுக்கொரு கப்பல், கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து மீன் பிடிப்பார்கள், சண்டை போடுவார்கள். அதன் சர்வர் ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதியது. என் கைக்கு வந்தபோது எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடந்தது. மீன்பிடிப்பில் ஒரு வரியைத் தொட்டால் சண்டையில் கப்பல் மூழ்க மறுக்கும். எனக்கோ மேசையில் பேனா கோணலாக இருந்தாலே வேலை ஓடாது. ஒன்றரை வருஷம் உட்கார்ந்து அந்த மூட்டையை இருபத்துமூன்று பெட்டிகளாகப் பிரித்தேன். சந்தைக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று, காற்றுக்கும் மழைக்கும் ஒன்று. ஒன்றின் உள்விவகாரம் மற்றதற்குத் தெரியாது. தேவைப்பட்டால் கடிதம் போடுவதுபோலச் செய்தி அனுப்பிக்கொள்ளும். இவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒன்று புகார்ப் பெட்டி. விளையாடுகிறவரின் திரை ஓரத்தில் ஒரு மணிச் சின்னம் இருக்கும். அதை அழுத்தி யாரைப் பற்றியும் புகார் எழுதலாம். அது நான்காம் மாடிச் சேவை அறைக்குப் போகும். அங்கே பொறுப்பு பியோன் சோரா. என்னைவிட ஏழு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். போன குளிர்காலத்தில் அந்த மணி வழியாக ஒரு செய்தி வந்தது. ‘பார்லித் தண்ணி’ என்ற பெயரில் விளையாடுகிறவர் தன் கப்பலையும் வாளையும் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, விடைபெறுவதுபோலப் பேசுகிறார் என்று ‘நெத்திலி’ என்கிற கூட்டாளி எழுதியிருந்தார். அக்கா அந்த நிமிஷமே போலீஸைக் கூப்பிட்டார். நோரியாங்ஜினில் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சன்மின் என்ற இளைஞரின் அறைக்கதவைத் தட்டினார்கள். அவர் பிழைத்தார். அந்த மணி எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் எழுதுவதைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு மாற்றித் தருகிற ரஸ்ட் கம்பைலர் கறாரான பேர்வழி. செய்தி அனுப்பிவிட்டு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் நகர்ந்தால், எச்சரிக்கை போடும். அதன் வாயை மூட ஒரு வழி உண்டு. வருகிற பதிலுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் வெறும் கீழ்க்கோடு ஒன்று போட்டால் போதும். ‘பதில் என்னவானாலும் எனக்கு அக்கறை இல்லை’ என்று அதற்கு அர்த்தம். புதிய சர்வர் வெளியாவதற்கு முந்தைய வாரம், பழைய மூட்டையின் மிச்சத்தை அழித்தேன். சேவை அறைக்குப் போகும் வழி அந்த மிச்சத்துக்குள்தான் இருந்தது. புகாரை அங்கே அனுப்புகிற அந்த ஒரு வரியில் கம்பைலர் எச்சரித்து நின்றது. நான் கீழ்க்கோடு போட்டேன். அடுத்த வரி ‘அனுப்பப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதும். அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமைப் பராமரிப்பில் புதிய சர்வர் ஏறியது. ஒரு நொடி தடங்கலில்லை. எங்கள் டீம் லீடர் மேங், நடைபாதையில் பலகை ஒன்று மாட்டினார். பழுதில்லாத நாட்களை அதில் தினமும் மாற்றுவார்கள். நூறாவது நாள் எல்லோருக்கும் விருந்து.

இருபத்தைந்தாம் நாள் வாக்கில் சோரா அக்கா ஒரு தட்டு ஸ்ட்ராபெர்ரியோடு எங்கள் மாடிக்கு வந்தார்.

“தம்பி, உன் சர்வர்ல என்னப்பா கலந்த? சனங்க திடீர்னு நல்லவங்களா ஆயிட்டாங்க. புகாரு பாதிகூட வரல.”

இணையதளம் வழியாக வருகிறவை மட்டும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. மணி வழியாக வந்தவை ஒன்றுகூடப் போகவில்லை. தட்டு காலியாவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. உடனே சரிசெய்தால் சர்வரை நிறுத்த வேண்டும், காரணம் எழுத வேண்டும், பலகை பூஜ்யத்துக்குப் போகும். அடுத்த வியாழக்கிழமைப் பராமரிப்பில் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்று விட்டுவைத்தேன். அந்த வியாழன் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த இரண்டு வியாழனும் அப்படியே. பயமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. பயத்திலும் தினமும் ஒழுங்காகத் தூங்கினேன்.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய். திருத்தம் தயார். சோதித்துப் பார்க்க, மணி வழியாக அப்போது வந்துகொண்டிருந்த புகார்களை என் திரையில் மட்டும் திறந்தேன். பதினொன்று நாற்பது இருக்கும். நெத்திலி எழுதிய மூன்று புகார்கள் இருந்தன.

“பார்லித் தண்ணி மறுபடியும் எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கறாரு. போன தடவ மாதிரியே பேசறாரு. கொஞ்சம் பாருங்க.”

“யாராவது பாத்தீங்களா?”

“எனக்கு அவரோட வீடு எங்கன்னுகூடத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். போன தடவ உடனே வந்தீங்களே. இப்ப ஏங்க யாருமே வரல?”

மூன்றையும் இரண்டு முறை படித்தேன். நான்காம் மாடிக்குப் படியில் போனால் ஒரு நிமிஷம். ஆனால் போய் என்ன சொல்வது? எங்களுக்கு வராதது உனக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். மணி பன்னிரண்டு ஆனது. சாப்பிடப் போனேன்.

சோரா அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார். என் கிண்ணத்தைப் பார்த்தார்.

“என்னப்பா, இன்னிக்குப் போயி சாப்பாட்ட அளையற? மூஞ்சி வேற வெளுத்துக் கெடக்கு.”

“ஒண்ணுமில்லக்கா. வியாழக்கிழமைக்கு வேலை இருக்கு.”

“பலகையில நாப்பத்தெட்டு ஓடுதாமே. விருந்துல எனக்கும் ஒரு எடம் போட்டு வையி. புகாரே இல்லாம கை சும்மா கெடக்கு.”

அவர் பங்கு டோஃபுவை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது.

சன்மின் புதன்கிழமை இறந்துபோனார். வியாழக்கிழமை காலை என் திருத்தம் ஏறியது. மாற்றக் குறிப்பில் ‘சிறு தூய்மைப் பணி’ என்று எழுதினேன். மணி மறுபடி ஒழுங்காக வேலை செய்தது.

விசாரணை வந்தது. சர்வர் பதிவேட்டில் மூன்று புகாரும் ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்தது. சேவை அறையில் ஒன்றும் இல்லை. வெறும் வசவுப் புகார்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, படிக்காமலே மூடுகிற பழக்கம் அங்கே உண்டு. அக்காவே அதைச் சொல்லிவிட்டார், யாரும் கேட்பதற்கு முன்னால். அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார்.

“தம்பி, உனக்குத்தான் சர்வர் தெரியும். நெசத்தச் சொல்லு. நான் பாக்காமயே மூடியிருப்பேனா?”

“இருக்கலாம்க்கா. தெரிஞ்சா செஞ்சீங்க? மனசுல வச்சுக்காதீங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னேன். அடுத்த வாரம் அவர் ராஜினாமா கொடுத்தார். சன்மினின் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார், தனியாகப் போகத் தைரியமில்லை என்றார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். அக்கா தரையில் நெற்றி படக் குனிந்து எழுந்திருக்கவே இல்லை. அந்த அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது கூட வந்தீங்களே தம்பி, ஒங்களுக்கு நல்ல மனசு” என்றார். அக்காவை வீட்டில் இறக்கிவிட்டேன். இப்போது அவர் ஃபோனை எடுப்பதில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடவில்லை.

நூறாவது நாள் விருந்து நடந்தது. சேவை அறை தனிப் பிரிவு என்பதால் பலகை பூஜ்யத்துக்குப் போகவில்லை.

பிறகு எதற்கு இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நேற்று மேங் கூட்டத்தில் ஒரு முடிவு சொன்னார். பழைய சர்வர் இருந்தவரை ஒரு புகாரும் தவறியதில்லையாம், புதியது வந்த பிறகுதான் கெட்ட நேரமாம், அதனால் பெட்டிகளையெல்லாம் திரும்ப ஒரே மூட்டையாகக் கட்டப் போகிறார்களாம். நேற்று ராத்திரிதான் எனக்கு முதல் முறையாகத் தூக்கம் வரவில்லை, ஐயா.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சோரா அக்கா எதையும் மூடவில்லை. கீழ்க்கோடு போட்டது நான். தெரிந்தே மூன்று வியாழக்கிழமைகளைத் தள்ளிப்போட்டதும், செவ்வாய்க்கிழமை படித்துவிட்டுச் சாப்பிடப் போனதும் நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். பெட்டிகளை மட்டும் கலைக்க வேண்டாம் என்று மேங்கிடம் சொல்லுங்கள். பிரித்ததில் ஒரு குற்றமும் இல்லை. வேண்டுமானால் இப்போதே ஓட்டிப் பார்க்கலாம், கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடச் சொல்லாது.