நாற்பதில் ஓடிய ஜீப்

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து நண்பரிடம் சொன்னார்:

"நூறிலை ஓடின ஜீப்பை மனிசி நாப்பதிலை ஓடவைச்சிட்டா."

"ஏனண்ணை?"

"கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனனான். ஹைவேயிலை நூறு. ஒரு ஆட்டமில்லை. அவ நல்ல நித்திரை."

"எண்ணெய்?"

"ஒருக்கா டாங்கி நிரப்பினால் போய்வரக் காணும்."

"பிறகேன் நாப்பது?"



"ரெண்டு வருசமா ஒண்டும் வாசிக்கேலாமல் இருந்தவ. திரும்பி வரேக்கை, 'ஆறுதலா விடுங்கோப்பா, எழுத்தெல்லாம் ஓடுது' எண்டா. வவுனியாவிலையிருந்து வீடு மட்டும் ஒரு கடைப் பலகை விடாமல் சத்தமா வாசிச்சுக்கொண்டு வந்தவ."