தாஹா பாய் கொடுத்த ஃபேன் மீது நான் கொடுத்த புகார்

என் பெயர் சாம்சன், வயது 49, தகப்பனார் பெயர் தாவீது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் மனைவி சுகிர்தா, மகள் ஷைனி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்பின் வாசல் வரை போனவன். சொந்தமாக ஒரு லாரி ஓட்டி வருகிறேன். பழைய லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தாஹா என்பவர் மீது, மட்டமான ஃபேன் கொடுத்து ஏமாற்றியதாக நான் முந்தாநாள் கொடுத்த புகார் சம்பந்தமாக இன்று விசாரித்ததில் சொல்லிக்கொள்வதாவது:

என் லாரியின் என்ஜின் புகை கக்கிக்கொண்டிருந்தபடியால், அதை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய லாரியின் டீசல் என்ஜின் ஒன்றை மெக்கானிக் சடையப்பன் மூலம் இறக்கினேன். மாற்றியதற்கு முறையாக அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் ஏற்றியிருக்கிறேன். அந்த என்ஜின் நீளமானது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கொஞ்ச இடமே மிஞ்சியதால் பழைய ஃபேன் உள்ளே போகவில்லை. அதன் பிறகு வேறு ஃபேன் தேடி தாஹா பாய் கடைக்குப் போனேன். காரில் இருப்பது போல கரண்டில் ஓடும் ஃபேன் இரண்டு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அவர், "கார்ல இருக்குது, சரி. உன் வண்டி ரெண்டு பேரையா ஏத்திக்கினு போவுது? லோடோட மேட்டுல ஏறும்போது அந்தக் காத்து எந்த மூலைக்கு?" என்று கேட்டு, என்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற, இறக்கை அதிகமுள்ள ஃபேன் ஒன்றையும், காற்று பக்கவாட்டில் சிதறாமல் இருக்க அதைச் சுற்றி மாட்டும் கூட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு, ஃபேன் ரேடியேட்டரில் உரசுமா என்று பார்க்க, என் மனைவி சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவை உருட்டி நடுவில் ஒட்டி, ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தோம். மாவு நசுங்கியதே தவிர ஃபேன் இடிக்கவில்லை. என் மனைவி, "லாரிக்கு டிபன் ஆச்சு, மனுசனுக்கு இன்னா பண்றது?" என்று கேட்டார். அதன் பிறகு சடையப்பன் என்ஜினை ஓட்டி, ரேடியேட்டர் முன்னால் ஒரு செய்தித்தாளைக் காட்ட, உள்ளே இழுத்த காற்றில் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டது. நானே கைதட்டினேன்.

புது என்ஜின் நல்லபடியாக ஓடினால் லாரியின் முகத்தில் தகரப்பலகை வைப்பதாக நான் பொருத்தனை செய்திருந்தேன். அதன்படி 'ஸ்தோத்திரம்' என்று என் மகள் பெரிய எழுத்தில் எழுதினாள். அடியில் என் பெயரும் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அதற்காகப் பலகை ஒரு முழம் கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை போதகர் ஐயர் வந்து ஜெபித்தார். நான் பலகையை லாரியின் முன்பக்கம் முழுவதும் மறைகிறபடி போல்ட் போட்டு முடுக்கினேன்.

திங்கட்கிழமை காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு லோடு ஏற்றிப் போகையில், அத்திப்பட்டு அருகில் வெப்பமுள் சிவப்புக்கு ஏறி, ரேடியேட்டர் கொதித்து நடுரோட்டில் நின்றேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றேன். இன்னொரு தடவை வழியில் நின்றால் வரவே வேண்டாம் என்று லோடு கொடுப்பவர் சொல்லிவிட்டார். சடையப்பன் எல்லாவற்றையும் சோதித்துக் குறை ஒன்றும் இல்லை என்றார். அதன் பிறகு ஃபேன்தான் போலி என்று நானே முடிவுகட்டி, தாஹா பாய் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்தினேன். அவர், "வண்டிய எட்தாந்து காட்டு சாம்சா, பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். நான், "ஸ்டேசன்ல பாத்துக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து புகார் கொடுத்தேன்.

அழைத்ததன் பேரில் இன்று தாஹா பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கடை போட்ட நாள் முதல் இந்தப் படி ஏறியதில்லை என்று மட்டும் சொன்னார். அப்போது தலைமைக் காவலர் சரவணகுமார், லாரியைப் படம் எடுக்க வந்து, என் பெயர் எழுதிய இடம் நம்பர் பிளேட்டை மறைப்பதாகச் சொல்லிப் பலகையைக் கழற்றச் சொன்னார். கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதன் பிறகு, கொதிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று அவரும் தாஹா பாயும் கேபினில் ஏற, லோடோடு அத்திப்பட்டு வரை ஓட்டினேன். முள் பாதிக்கு வந்து நின்றுவிட்டது. வழக்கமாக நிற்கும் இடமும் தாண்டியது. சொந்த லாரிக்குக் காய்ச்சல் வராதா என்று காத்திருந்த தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வரவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் தாஹா பாய் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பலகையைத் தூக்கி இருந்த இடத்திலேயே பிடிக்கச் சொல்லி, சரவணகுமார் அவர்களை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றோம். சற்று நேரத்தில் கேபினிலிருந்து, "ஏறுது, ஏறுது" என்று குரல் வந்தது. தாஹா பாய், "மூக்கையும் வாயையும் பொத்திட்டு, மூச்சு உட மாட்டேங்குதுன்னு ஸ்டேசனுக்கு இட்டாந்துகீறியே சாம்சா" என்றார். சரவணகுமார், "இப்ப யார் மேலய்யா புகார்?" என்று கேட்டார். என் மேல்தான் என்று சொன்னேன். முதலில் சிரித்தது தாஹா பாய்தான்.

ஆகவே, அவர் கொடுத்த ஃபேன் நல்ல ஃபேன். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கத்திய அதே கடை வாசலில் நின்று, அதே சத்தத்தில் இதைச் சொல்ல இருக்கிறேன். புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்டுக்கொள்கிறேன். பலகையைக் காற்றை மறைக்காமல் கேபின் தலைக்கு மேல் நிறுத்த இரும்புச் சட்டம் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் பெயர் இருக்கும் கீழ்ப்பகுதியை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். நாளைய காட்டுப்பள்ளி லோடுக்கு அவரும் கூட வருவதாகச் சொன்னார். காலை நாஷ்டா என் வீட்டில், சப்பாத்தி. காவல் நிலையச் சுவரில் சாய்த்திருக்கும் 'ஸ்தோத்திரம்' பலகையை இன்றே என்னிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் முட்டாள் என்று வரும் இடங்கள் உட்பட யாவும் உண்மை, சரி.

(ஒப்பம்) தா. சாம்சன்

என் முன்பாக,
தலைமைக் காவலர் சரவணகுமார்